ஈயக்குட்டையில் பாஸ் பிடிக்க: ரப்பர் மீனை நேராகக் கோத்து மெதுவாகச் சுற்றுங்கள்

புதிதாகத் தூண்டில் தூக்கும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது நிறத்தைப் பற்றித்தான். "அண்ணே, எந்தக் கலருக்கு பாஸ் கடிக்கும்?" பதில் சொல்வதற்கு முன் அவர்கள் கோத்து வைத்திருக்கும் ரப்பர் மீனை, அதாவது மீன் வடிவச் செயற்கை இரையை, வாங்கிப் பார்ப்பேன். பெரும்பாலும் கோணலாகத்தான் இருக்கும். கோணலாகக் கோத்த மீன் எந்த நிறமாக இருந்தாலும் தண்ணீருக்குள் உருண்டுகொண்டே வரும். அதைப் பாஸ் சீண்டாது. நேராகக் கோப்பதும் மெதுவாகச் சுற்றுவதும் கைக்குப் பழகிவிட்டால் மற்றதெல்லாம் பின்னாலேயே வரும். அதனால் இங்கே அந்த இரண்டைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

சிலாங்கூர் மாநிலத்தின் பத்தாங் பெர்ஜுந்தை, அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே பழைய ஈயக்குட்டைகள் நிறைய உண்டு. 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய (வெள்ளீய) விலை சரிந்த பிறகு மலேசியாவின் ஈயச் சுரங்கங்களில் பெரும்பாலானவை ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் நின்றது. அப்படிப்பட்ட குட்டைகள் பலவற்றில் பின்னாளில் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட பீகாக் பாஸ் பெருகிவிட்டது. இது தென்னமெரிக்காவின் அமேசான், ஒரினோக்கோ ஆற்று மீன். சிக்லிட் குடும்பம், நம் திலாப்பியாவுக்குச் சொந்தம். வாலின் அடியில் மயில்தோகைக் கண் மாதிரி ஒரு கரும்புள்ளி இருக்கும், மஞ்சள் வளையம் போட்டு.

இணையத்தில் பார்க்கும் அமெரிக்க வீடியோக்களில் வரும் பாஸ் வேறு மீன். அது லார்ஜ்மவுத் பாஸ். 1932-இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிடித்த ஒரு மீன் 22 பவுண்டு 4 அவுன்ஸ், ஏறக்குறைய 10 கிலோ. அந்த எடை இன்னும் உலகச் சாதனைப் பட்டியலில் நிற்கிறது. கலிபோர்னியாவில் நீர்த்தேக்கங்களில் டிரவுட் மீனை வளர்த்து விடுவார்கள், அதைத் தின்று பாஸ் கொழுக்கும். அங்கே ஸ்விம்பைட் என்னும் முழங்கை நீளச் செயற்கை மீனுக்கு வேலை உண்டு. நம் குட்டையில் பாஸ் தின்பது விரல் நீளத் திலாப்பியா குஞ்சும் செலுவாங் என்னும் பொடிமீனும்தான். ஆகவே நமக்கு 3 அங்குல ரப்பர் மீன் போதும். வீடியோவைப் பார்த்து 8 அங்குலத்தை வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள்.

வாங்க வேண்டியது

ஸ்பின்னிங் ராட் (தூண்டில் கோல்) ஒன்று, ஆறரை அடி, மீடியம் வகை. கைப்பிடிக்கு மேலே அச்சிட்டிருக்கும் எண்களைப் படியுங்கள். லூர் (செயற்கை இரை) எடை 5 முதல் 14 கிராம் வரை தாங்கும் என்று போட்டிருந்தால் சரி. ரீல் 2500 அளவு. இரண்டும் சேர்ந்து 300 வெள்ளிக்குள் (ரிங்கிட்) அடங்கும், தொடக்கத்துக்கு அதற்கு மேல் செலவழிக்கத் தேவையில்லை. உருளையே சுழன்று நூல் விடும் பெய்ட்காஸ்டர் ரீலை இப்போதைக்குத் தொடாதீர்கள். இலேசான இரையை அதில் வீசப் பழகுவதற்குள் பாதி நாள் சிக்கெடுப்பதிலேயே போய்விடும்.

ரீலில் பிரெய்ட் (பின்னல்) நூல், தடிமன் எண் பிஇ 1.5. நுனியில் 20 எல்பி (பவுண்டு) தாங்கும் புளோரோகார்பன் லீடர், அதாவது முன்நூல், ஒரு கை வீச்சு நீளம். இரண்டையும் இணைக்க எஃப்ஜி முடிச்சு சிறந்தது என்பார்கள், உண்மைதான். ஆனால் அதைக் கற்றுக்கொள்ளும்வரை டபுள் யூனி முடிச்சு தாராளமாகத் தாங்கும். எந்த முடிச்சானாலும் எச்சில் தொட்டு நனைத்து இறுக்குங்கள். உலர்ந்தபடி இறுக்கினால் உராய்வில் சூடேறி, நூல் அந்த இடத்தில் வலுவிழந்துபோகும்.

ஜிக் ஹெட் என்பது காரீயத் தலையோடு சேர்ந்த தூண்டில் முள். உருண்டைத் தலையில் 5 கிராம், 7 கிராம் இரண்டும், முள் அளவு 2/0 அல்லது 3/0. ரப்பர் மீனில் துடுப்பு வால் உள்ளதையே வாங்குங்கள். நுனியில் தட்டையாக, ஒரு சிறு வட்டு தொங்குவதுபோல் இருக்கும். அந்த வட்டில் தண்ணீர் மோதித்தான் வால் ஆடுகிறது. வட்டுக்கும் உடம்புக்கும் இடையில் உள்ள கழுத்து மெல்லியதாக இருந்தால் மெதுவாகச் சுற்றும்போதும் ஆடும். கடையில் வாங்கும்போதே பாக்கெட்டின் மேலாக அமுக்கிப் பாருங்கள், விறைப்பாக இருப்பதை விட்டுவிடுங்கள்.

நிறம்? தண்ணீர் தெளிந்திருந்தால் வெள்ளை, வெள்ளி, பச்சை கலந்த பழுப்பு. மழைக்குப் பிறகு தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தால் கறுப்பு அல்லது பளிச்சென்ற மஞ்சள்பச்சை. இவ்வளவுதான்.

நேராகக் கோப்பது

இதை வீட்டில், மேசை மேல், வெளிச்சத்தில் செய்து பழகுங்கள். குட்டைக் கரையில் கொசுக்கடியில் நின்று கற்கும் வேலை இல்லை இது.

முதலில் ஜிக் ஹெட்டை ரப்பர் மீனுக்குப் பக்கத்தில் வைத்துப் பிடியுங்கள். ஈயத் தலை முடியும் இடமும் மீனின் மூக்கும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். முள் வளையும் இடம் மீனின் முதுகில் எங்கே வருகிறது என்று பார்த்து, அங்கே நகத்தால் ஒரு கீறல் போடுங்கள். முள் வெளியே வரவேண்டிய வாசல் அதுதான். அந்தக் கீறல் உடம்பின் பாதியைத் தாண்டிப் பின்னால் விழுந்தால் அந்த முள் இந்த மீனுக்கு நீளம். முள்ளின் விறைப்பு வாலை ஆடவிடாது. சின்ன முள்ளாக எடுங்கள்.

அடுத்து, முள் நுனியை மூக்கின் நட்ட நடுவில் குத்துங்கள். ஒரு நெல் அளவு விலகினாலும் தலை சாய்ந்துவிடும். குத்திய பிறகு முள்ளைத் தள்ளாதீர்கள். முள்ளை ஒரு கையில் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் மீனின் உடம்பை முள்ளின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ரப்பர் மீனின் முதுகில் அச்சு வார்த்த கோடு ஒன்று மெல்லியதாக ஓடும். கண் அந்தக் கோட்டிலேயே இருக்கட்டும். கீறலுக்கு வந்ததும் நுனியை அந்தக் கோட்டின் மேலேயே வெளியே கொண்டுவாருங்கள். பிறகு உடம்பை முன்னால் நகர்த்தி ஈயத் தலையோடு ஒட்டவையுங்கள். சேரும் இடத்தில் சூப்பர் குளூ ஒரு சொட்டு வைத்தால் கடிக்குக் கடி கழன்று வராது.

இப்போது சோதனை. மீனை மூக்குப் பக்கமிருந்து பாருங்கள், பிறகு மேலிருந்து பாருங்கள். முதுகுக்கோடு மூக்கிலிருந்து வால்வரை ஒரே நேராக ஓட வேண்டும். நடுவில் கூன் விழுந்திருந்தால் முள் கீறலைத் தாண்டிப் போய் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். உடம்பு இழுபட்டு மெலிந்திருந்தால் கீறலுக்கு முன்பே, சீக்கிரமே வெளியே வந்துவிட்டது. இரண்டிலும் ஒரே வழிதான், கழற்றி மறுபடி கோப்பது. பழைய ஓட்டை பெரிதாகிவிட்டால் அந்த மீனை ஒதுக்கி வையுங்கள்.

கடைசிச் சோதனை தண்ணீரில். ராட் நுனியிலிருந்து ஒரு முழம் நூலை விட்டு, கரையோரமாக மீனை இழுத்துப் பாருங்கள். வால் துடிக்க வேண்டும், உடம்பு இரண்டு பக்கமும் இலேசாகச் சாய்ந்து சாய்ந்து வர வேண்டும், வயிறு எப்போதும் கீழே இருக்க வேண்டும். வயிறு மேலே திரும்பினால் வீசாதீர்கள். அப்படியே வீசிக்கொண்டிருந்தால் மீன் கடிக்காததோடு நூலும் முறுக்கேறிச் சிக்கிவிடும்.

வால் மடிந்து வளைந்து போயிருந்தால் தூக்கிப்போட வேண்டாம். ஒரு குவளைச் சுடுதண்ணீரில் சில விநாடி அமிழ்த்துங்கள், ரப்பர் இளகித் தானே நிமிரும். உடனே பச்சைத்தண்ணீரில் போட்டால் அந்த வடிவத்திலேயே இறுகிவிடும்.

முள்ளை மறைத்துக் கோப்பது

ஆகாயத்தாமரையும் தாமரைத் தண்டும் மூழ்கிய மரக்கிளைகளும் உள்ள இடத்தில் ஜிக் ஹெட் வீசினால் ஒவ்வொரு வீச்சிலும் ஒன்றைப் பறிகொடுப்பீர்கள். அங்கே தண்டில் ஈயம் வைத்த அகல வளைவு முள் வேண்டும். அதன் தலையில் ஒரு சுருள்கம்பி தொங்கும். அதை மீனின் மூக்கு நடுவில் திருகி ஏற்றுங்கள். முள் நுனியை வயிற்றுப் பிளவு வழியாக நுழைத்து, முதுகில் வெளியே எடுத்து, நுனியை மட்டும் முதுகுத் தோலுக்குள் சன்னமாகச் செருகி விடுங்கள். நேராக இருக்க வேண்டும் என்ற விதி இங்கேயும் மாறாது. ஜிக் ஹெட்டில் கை தேறிய பிறகே இதற்கு வாருங்கள்.

எப்போது, எங்கே

விராலுக்குப் போகிறவர்கள் இருட்டிலேயே கிளம்புவார்கள். பாஸுக்கு அது தேவையில்லை. இது கண்ணால் பார்த்து வேட்டையாடும் பகல் மீன், இரவில் அடங்கிவிடும். நம் ஊரில் பொழுது விடிவதே 7 மணியை ஒட்டித்தான். ஆற அமரப் பசியாறிவிட்டு, மோட்டாரை எடுத்துக்கொண்டு 8 மணிக்குக் குட்டையில் நின்றால் சரியான நேரம். வெயில் ஏறி 11 மணி ஆகும்வரை நல்ல கடி இருக்கும்.

போனதும் வீசாதீர்கள். தண்ணீரைக் கொஞ்ச நேரம் பாருங்கள். திலாப்பியா குஞ்சுகள் கூட்டமாகச் சிதறித் துள்ளினால் அடியில் பாஸ் துரத்துகிறது. பட்டுப்போன மரம், குட்டைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மண்திட்டு, ஆழமற்ற மணல் சட்டென்று கரும்பச்சையாக மாறும் விளிம்பு, இரண்டு குட்டைகளை இணைக்கும் குழாய் வாய்: இவற்றில்தான் மீன் நிற்கும். வெட்டவெளி நடுக்குட்டைக்கு எவ்வளவு தூரம் வீசுகிறோம் என்று போட்டி போடுவதில் பலனில்லை. கரையை ஒட்டி, கரைக்கு இணையாக வீசிய வீச்சில்தான் பெரும்பாலும் மீன் கிடைக்கும்.

வீசுவதும் சுற்றுவதும்

மரத்தின் மேலேயே வீசாதீர்கள், அதைத் தாண்டி வீசுங்கள். இரை மரத்தைக் கடந்து வரும்போது மீன் பார்க்கட்டும்.

இரை தண்ணீரைத் தொட்டதும் நூலை இலேசாக விறைப்பாக வைத்துக்கொண்டு மூழ்க விடுங்கள், மனதுக்குள் எண்ணுங்கள். நூல் தொய்ந்து விழுந்தால் தரை தட்டிவிட்டது. எட்டில் தட்டியது என்று வைத்துக்கொண்டால் அடுத்த வீச்சில் ஆறில் சுற்றத் தொடங்குங்கள். அங்கே கடி இல்லையென்றால் நான்கு, பிறகு இரண்டு. எந்த எண்ணில் முதல் கடி வந்ததோ அதை மறக்காதீர்கள், அன்றைக்கு மற்ற மீன்களும் அந்த ஆழத்தில்தான் இருக்க வாய்ப்பு அதிகம்.

சுற்றும் வேகத்தைக் கரையோரச் சோதனையிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். வால் ஆடுவதை நிறுத்தும்வரை வேகத்தைக் குறையுங்கள். அதற்கு ஒரு மயிரிழை மேலே வைத்தால் அதுவே உங்கள் வேகம். புதியவர்கள் எல்லோருமே இதைவிட வேகமாகத்தான் சுற்றுகிறார்கள், எதையாவது செய்துகொண்டே இருக்க வேண்டும் என்று கைக்குத் தோன்றுகிறது. ராட்டை ஆட்டவோ உதறவோ வேண்டாம். நுனியைச் சற்றுத் தாழ்த்தி, நூலின் திசையிலிருந்து கொஞ்சம் விலக்கி வைத்து, ஒரே சீராகச் சுற்றுங்கள். சரியாக வந்தால் வாலின் துடிப்பு நூல் வழியே ஏறிக் கைப்பிடியில் நாடித்துடிப்பாகத் தெரியும். அந்தத் துடிப்பை உங்கள் கை தெரிந்துகொண்ட நாளில்தான் இந்த வித்தை தொடங்குகிறது. துடிப்பு திடீரென்று நின்றால் முள்ளில் இலை மாட்டியிருக்கும், அல்லது பின்னாலிருந்து ஒரு மீன் வாலைக் கவ்வியிருக்கும்.

மரத்தின் ஓரத்துக்கு வந்ததும் ஒரு விநாடி சுற்றுவதை நிறுத்தி இரையை விழ விடுங்கள். நிறைய கடி அப்படி விழும்போதுதான் வரும்.

மெதுவாகச் சுற்றச் சொன்ன நானே ஒரு விதிவிலக்கும் சொல்ல வேண்டும். தெளிந்த தண்ணீரில் பாஸ் இரைக்குப் பின்னாலேயே வந்துகொண்டு கடிக்காமல் இருப்பதைப் பார்ப்பீர்கள். அப்போது வேகத்தைக் குறைத்தால் அது திரும்பிப் போய்விடும். சட்டென்று இரண்டு மூன்று சுற்று வேகமாகச் சுற்றுங்கள், இரை தப்பி ஓடுகிறது என்று பாய்ந்துவிடும். மேலே கூட்டமாகத் துரத்தும்போதும் அப்படித்தான், வேகம்தான் வேலை செய்யும்.

கடி வந்ததும்

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு பள்ளிக்கூடப் பெண்ணுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது, நூல் டொக்கென்று அதிர்ந்ததும் ராட்டைத் தலைக்கு மேல் தூக்கப் போனாள். "அண்ணே, தட்டுது, தட்டுது!" "தூக்காதேம்மா. சுத்து. சுத்திக்கிட்டே இரு." மறுபடி டொக். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினாள். மூன்றாவது தட்டில் ராட் வளைந்து, ரீல் கிர்ரென்று நூலை விட்டது. "இப்ப பக்கவாட்டுல இழு!"

அவ்வளவுதான் பாடம். முதல் தட்டில் மீன் பெரும்பாலும் வாலைத்தான் கடிக்கும், அப்போது இழுத்தால் மீனின் வாயிலிருந்து இரையைப் பிடுங்குகிறோம். கையில் கனம் தெரிந்த பிறகு ராட்டைப் பக்கவாட்டில் ஒரே இழுப்பாக இழுத்தால் முள் ஏறிவிடும். முள்ளை மறைத்துக் கோத்திருந்தால் இழுப்பு இன்னும் பலமாக இருக்க வேண்டும், தோலைக் கிழித்துக்கொண்டு முள் வெளியே வர வேண்டுமல்லவா. மாட்டியதும் பாஸ் நேராக மரத்துக்குள் ஓடும். ராட் நுனியைத் தாழ்த்தி, மரத்துக்கு எதிர்ப்பக்கமாக இழுத்துப் பிடியுங்கள். டிராக்கை, அதாவது ரீல் நூலை விட்டுக்கொடுக்கும் இறுக்கத்தை, முன்கூட்டியே கைத்தராசில் மாட்டி 2 கிலோ அளவுக்குச் சரிசெய்து வைத்திருந்தால் அந்த நேரத்தில் பதற வேண்டாம்.

பாஸுக்குக் கடித்துக் கிழிக்கும் பல் இல்லை, உப்புத்தாள் மாதிரிச் சொரசொரப்புதான். ஈரக் கையால் கீழ்த்தாடையைப் பிடித்துக்கொள்ளலாம். முதுகுத் துடுப்பின் முட்கள் குத்தும், பார்த்துக்கொள்ளுங்கள். முள்ளை எடுக்க நீள மூக்குக் குறடு ஒன்று பையில் இருக்கட்டும்.

ரப்பர் மீன் பாதியாக வெட்டுப்பட்டு வந்தால் அது பாஸ் இல்லை, தோமான், விரால் இனத்தின் கூரிய பல் உள்ள பெரிய மீன். அதன் வாயருகே விரலைக் கொண்டுபோகவே கூடாது. தோமான் அதிகம் உள்ள குட்டையில் லீடரை 40 எல்பியாக மாற்றுங்கள். தண்ணீர் மேல் சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் குமிழி விடுவதைப் பார்த்தால் அங்கே வீசாதீர்கள். கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். எதைப் போட்டாலும் பாயும். அவற்றைப் பிடித்துவிட்டால் அத்தனை குஞ்சும் மற்ற மீன்களுக்கு இரை. தோமான் இந்த மண்ணின் மீன். அதை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

கரையில் கவனம்

இதைப் படிக்காமல் தாண்டிவிடாதீர்கள். ஈயக்குட்டை இயற்கையான குளம் இல்லை. முழங்கால் ஆழத்திலிருந்து அடுத்த அடியில் ஆளை விழுங்கும் ஆழத்துக்கு இறங்கும். ஈயம் கழுவிய கழிவுச்சேறு மேலே காய்ந்து கெட்டித்தரை போலத் தெரியும், காலை வைத்தால் இடுப்புவரை புதையும். புல் முளைத்த, பழைய கால்தடம் உள்ள இடத்தில் மட்டும் நில்லுங்கள். தண்ணீருக்குள் இறங்காதீர்கள், மாட்டிக்கொண்ட ஜிக்குக்காக நிச்சயமாக இறங்காதீர்கள். தனியாகப் போகாதீர்கள்.

செம்பனைத் தோட்டத்தில் எலி அதிகம், எலிக்காக நாகமும் வரும். எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சல் தொற்றும். காலில் வெட்டுக்காயம் இருந்தால் பூட்ஸ் இல்லாமல் போக வேண்டாம், போய்வந்த சில நாளிலோ சில வாரத்திலோ காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்டால் குட்டைக்குப் போனதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மதியத்துக்கு மேல் இடி கேட்டால் உடனே ராட்டைக் கீழே வைத்துவிட்டுக் காருக்குள்ளோ பக்கத்துக் கட்டடத்துக்குள்ளோ போய் உட்காருங்கள். கார்பன் ராட் மின்சாரத்தைக் கடத்தும்.

தோட்டத்துக்குள் நுழைய ஆபீசில் அல்லது காவலாளியிடம் கேட்டுவிட்டுப் போங்கள். 2014 தண்ணீர்த் தட்டுப்பாட்டின்போது இந்தப் பக்கத்துக் குட்டைகளின் நீரைச் சிலாங்கூர் ஆற்றுக்கு இறைத்தார்கள். குடிநீருக்கென்று வேலி போட்ட குட்டை இருந்தால் அதன் வேலியை ஏறிக் குதிக்காதீர்கள்.

பிடித்த மீன், மிஞ்சிய ரப்பர்

பாஸைப் பிடித்த குட்டையிலேயே விடலாம், அல்லது எடுத்துக்கொள்ளலாம். உயிரோடு வாளியில் கொண்டுபோய் ஆற்றிலோ வேறு குட்டையிலோ மட்டும் விடாதீர்கள். வெளிநாட்டு வேட்டை மீன் இது, செலுவாங், செபாராவ் குஞ்சு என்று நம் ஆற்று மீன்களைத் தின்று தீர்த்துவிடும். சமைக்க அருமையான வெள்ளைச் சதைதான். ஆனாலும் பழைய ஈயக்குட்டைகளின் அடிமண்ணில் ஆர்சனிக், காரீயம் போன்ற உலோகங்கள் இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வாரா வாரம் வீட்டுக் குழம்புக்கு அதை எடுத்துப்போகும் பழக்கத்தை நான் ஆதரிக்கமாட்டேன்.

கிழிந்த ரப்பர் மீனைத் தண்ணீரில் வீசாதீர்கள். அது மட்காது, விழுங்கிய மீனின் வயிற்றில் அப்படியே கிடக்கும். அறுந்த பிரெய்ட் நூலையும் சுருட்டிப் பையில் போடுங்கள், கொக்கின் காலில் சுற்றினால் அதன் கதி அவ்வளவுதான். நல்ல ரப்பர் மீன்களை அவை வந்த பாக்கெட்டிலேயே, வால் மடியாமல், தட்டையாக வையுங்கள். வெவ்வேறு கம்பெனிச் சரக்கை ஒரே டப்பாவில் போட்டால் சில வகை ரப்பர்கள் ஒன்றையொன்று உருக்கிப் பிசினாக்கிவிடும், சாதாரண பிளாஸ்டிக் டப்பாவையே அரிப்பவையும் உண்டு. மோட்டார் சீட்டுக்கு அடியில் வெயிலில் விட்டால் ஒரு மத்தியானத்தில் எல்லா வாலும் கோணிவிடும். வீட்டுக்கு வந்ததும் ஈரமான ஜிக் ஹெட்டுகளைத் தனியே எடுத்து, துடைத்து, காயவைத்து மூடுங்கள். ஒரு முள் துருப்பிடித்தால் பக்கத்தில் இருப்பதெல்லாம் பிடிக்கும்.